என் தொண்டைக்கு நான்தான் பதில் சொல்வேன்

என் ஒரே மகனுக்கு,

வருகிற புதன்கிழமை காலை என் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கு நான் சம்மதித்துவிட்டேன், நீ சம்மதிக்கவில்லை. மூன்று நாளாக ஐதராபாத்திலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் பண்ணி, "அவசரப்படாதேம்மா, இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்" என்கிறாய். நான் பதில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் அடைத்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நீ புகுந்து, என் பதிலையும் நீயே சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்கு பெங்காலி ஓடுகிற மாதிரித் தமிழ் ஓடாது என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி, அப்போதாவது நான் சொல்வது மண்டையில் இறங்கும். இதன் நகல் ஒன்றை இங்கே நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கும் கொடுத்திருக்கிறேன். மலர் போடுகிறவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "குடும்ப விஷயமாச்சேம்மா, போடலாமா?" என்று இழுத்தார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். ஏன் என்பது படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும்.

என் குரல் மாறியதை முதலில் கவனித்தவன் நீதான். அதை நான் மறக்கவில்லை. போன மழைக்காலத்தில், "என்னம்மா, ஜலதோஷமா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். துர்கா பூஜை முடிந்து, குளிர் வந்த பிறகும் ஜலதோஷம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஹவுராவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். தாமதமாக வந்த நோயாளிகளை, "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று வாய் கூசாமல் கேட்டவள். கடைசியில் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி இருக்கிறது என்றார். துணைக்கு வந்திருந்த உன்னை வெளியே கூப்பிட்டு அம்மாவுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். நீ ரோஷத்தோடு, "எங்கம்மாவுக்கா? சான்ஸே இல்லை" என்றாயாம். நான் போட்ட பானில் ஜர்தாப் புகையிலை இருந்தது உனக்குத் தெரியாது. டார்க் ரூமில் பிலிம் கழுவிய காலத்தில் கண் சொக்காமலிருக்க ஆரம்பித்தது, பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் விடவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், ஆனால் கேள்வி என்னிடம் வரவில்லை.

அதற்குப் பிறகு படங்கள். கட்டி எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் கை வைக்க மாட்டார். முதலில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட், பிறகு சிடி, பிறகு எம்ஆர்ஐ என்று அவர் எழுதிக் கொடுத்ததும் நீ மொபைலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு? பெட் ஸ்கேன் ஒண்ணு எடுத்தா தலையிலேருந்து கால் வரைக்கும் தெரிஞ்சிடுமே. பழைய மிஷினுக்கெல்லாம் ஏன் அலையணும்?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நான் சோறு தின்ற தொழிலை நீ பழைய மிஷின் என்றது ஒன்று. எல்லாக் கேள்விக்கும் ஒரே மிஷின் பதில் சொல்லும் என்று நம்பியது இன்னொன்று. அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சாதாரணமானது. கழுத்தில் பசையைத் தடவி ஒரு கட்டையை உருட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் தோலுக்கு அடியில் கட்டியிருக்கும் நெறிகளை அது பார்க்கிற மாதிரி வேறெதுவும் பார்க்காது. பார்த்துக்கொண்டே ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தும் பார்க்கலாம். இடது பக்கத்து நெறி ஒன்றில் புற்று இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னது அந்தக் கட்டையும் அந்த ஊசியும்தான். அதே மிஷினுக்கு நுரையீரலைக் காட்டு என்றால் கைவிரித்துவிடும், ஏனென்றால் காற்றுக்குள் அதற்குப் பார்வை கிடையாது.

சிடிக்கு அவசர புத்தி. நீட்டிப் படுத்து மூச்சை அடக்கி விடுவதற்குள் கழுத்தையும் மார்பையும் ரொட்டி மாதிரித் துண்டு துண்டாக அறுத்துக் காட்டிவிடும். குரல்வளையைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பைக் கட்டி அரித்திருக்கலாம் என்று அது சந்தேகப்பட்டது. "இருக்கலாம்" என்பதற்கு மேல் அதனால் சொல்ல முடியவில்லை. வயதான குருத்தெலும்பில் ஒரு பகுதி கல்லாக இறுகியிருக்கும், ஒரு பகுதி இறுகாமல் இருக்கும். அரித்த இடம் எது, இயல்பிலேயே அப்படி இருக்கிற இடம் எது என்று அதற்குக் குழப்பம். அதற்காகத்தான் எம்ஆர்ஐ. முக்கால் மணி நேரம் காதுக்குள் ஆணி அடித்தார்கள். முழுங்கக் கூடாது, முழுங்கினால் படம் கலங்கிவிடும். கூடாது என்றதுமே வாயெல்லாம் எச்சில் ஊறி, நான் முழுங்கி, முதல் வரிசைப் படங்கள் முழுக்கக் கெட்டுப்போயின. "மாஷிமா, நீங்க நம்ம லைன் ஆளு. நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று அந்த டெக்னீஷியன் பெண் சிரித்தாள். இரண்டாம் தடவை அசையாமல் கிடந்தேன். கட்டி குருத்தெலும்பைத் தின்று வெளிப்பக்கம் வந்துவிட்டதை எம்ஆர்ஐ ஐயமில்லாமல் காட்டியது. இதை நினைவில் வைத்துக்கொள், புதன்கிழமை நடக்கப்போவதற்குக் காரணம் இந்தப் படம்தான்.

பெட் ஸ்கேனையும் டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்தில் எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் சரி என்று அவரே அனுப்பினார். பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஸ்கேன் சென்டருக்கு வெறும் வயிற்றோடு என்னை அழைத்துப் போனாய். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினார்கள். பசி பிடித்த புற்று மற்ற சதையைவிட அதிகமாகச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும், படத்தில் அந்த இடம் மின்னும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பேசினால் தொண்டைத் தசைகளே சர்க்கரையைத் தின்று, நோயில்லாத இடமும் மின்னிவிடும். நீ அறைக்குள் வர அனுமதியில்லை, வாசலில் நின்றாய். அப்போது கையில் ஒரு தாளோடு வந்த அந்த சென்டர் டாக்டர் விட்டுப்போன ஒரு கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார். "முன்னாடி ஏதாவது பெரிய வியாதி வந்திருக்கா? டிபி மாதிரி?" கேட்ட பிறகுதான் நான் பேசக் கூடாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. உன் பக்கம் திரும்பினார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லை டாக்டர், எப்பவும் இல்லை. அம்மா ரொம்ப ஹெல்தி." அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு டிபி வந்திருக்கிறது. பத்தொன்பது வயதில், கரக்பூரில், ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது வந்தது. ஒன்றரை வருஷம் மாத்திரையும் ஊசியும். ஊசி குத்திக் குத்தி இடுப்பு கல்லாகிப்போனது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நான் விழுப்புரத்தில் அத்தை வீட்டில் இருந்து படிப்பதாகச் சொல்லிவிட்டு, என்னைப் பின்னறையில் வைத்திருந்தார்கள். குணமானது. எக்ஸ்ரே பிலிமைப் பிடித்து, வலது நுரையீரலின் உச்சியில் தழும்பு இதோ என்று ஒருவர் காட்டினார், இந்தத் தொழில் மேல் ஆசை வந்ததே அன்றைக்குத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்ன வியாதி வந்தது என்று கேட்டபோது என் அப்பா டைபாய்டு என்று சொன்னார். நான் பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன், மறுக்கவில்லை. கிடர்பூரில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த உன் அப்பா தங்கமான மனிதர், சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லாமலே முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன். தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

இதைவிட மோசமாக ஒன்று செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஏழு வயதில் ஒரு மாதம் விடாமல் இருமல். காளிகாட்டில் நாம் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை டாக்டர், "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?" என்று கேட்டார். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றேன். பெற்ற பிள்ளை நெஞ்சு குலுங்க இருமிக்கொண்டிருக்கும்போது இல்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உன்னைப் படகில் ஹவுராவுக்குக் கூட்டிப்போய், என் எக்ஸ்ரே ரூமில் நிறுத்தி, உன் மோவாயைத் தூக்கி வைத்து நானே படம் எடுத்தேன். "அசையாதேடா கண்ணு, மூச்சை இழு, பிடி." டார்க் ரூமில் பிலிமைக் கழுவிப் பார்த்தேன். சுத்தமான நெஞ்சு. அந்த இருட்டில் நின்று அழுதுவிட்டு, வரும்போது உனக்கு ஜால்முரிப் பொரி வாங்கிக் கொடுத்தேன். நீ அதை ஜாலியான ஞாயிற்றுக்கிழமை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். படம் சுத்தமாக வந்ததால் என் பொய் சரியாகிவிடாது. அன்றைக்கு நான் செய்தது தப்பு, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே பெட் ஸ்கேன் அன்று, டிபி இல்லை என்று நீ சொன்னபோது, நாற்காலியில் கிடந்த நான் தலையை அசைத்திருக்கலாம். கையை ஆட்டியிருக்கலாம். பேசத்தானே தடை, மறுக்கத் தடையில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேசக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாகப் போனது. உன் தப்பு பாதி, என் தப்பு பாதி, அதைப் பூசி மெழுக மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது முழுக்க உன்னுடையது. ரிப்போர்ட்டை நீ வாங்கினாய். "நார்மல்மா, ஒண்ணும் இல்லை" என்றாய். மறுநாள், ஆபரேஷன் தேவையில்லை, ஊசி மருந்து மட்டும் போதுமாம் என்றாய். இரண்டு நாள் என்னைப் பூ மாதிரி நடத்தினாய். இட்லியைப் பிட்டுக்கூட வைத்தாய். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. எத்தனை மகன்கள், எத்தனை கணவன்மார்கள் என் எக்ஸ்ரே ரூம் வாசலில் நின்று, "தீதி, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்று கண் ஜாடை காட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நானும் தலையாட்டிவிட்டு, உள்ளே போய் நோயாளியிடம் நல்லாருக்கும்மா என்றிருக்கிறேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். ரிப்போர்ட் நோயாளியின் பெயரில் வரும், நோயாளியின் மகன் கைக்குப் போகும், நோயாளிக்கு இட்லி வரும். இந்த வழக்கத்துக்கு நானும் முப்பத்தொரு வருஷம் துணை போயிருக்கிறேன் என்பது என் கழுத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது.

நீ ஐதராபாத்துக்குத் திரும்பிப் போன மறுநாள் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு நான் தனியாக அந்த சென்டருக்குப் போனேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண். "உங்க பையன் வாங்கிட்டுப் போயிட்டாரே மாஷிமா. பேஷண்ட்டுக்குக் காட்ட வேண்டாம்னு வேற சொன்னாரே" என்றாள். "பேஷண்ட் நான்தாம்மா. கழுத்து என்னோடது, பேரு என்னோடது. இன்னொரு காப்பி போடு" என்றேன். மேனேஜரைக் கேட்கணும் என்றாள். கேளு, உட்கார்ந்திருக்கிறேன் என்று உட்கார்ந்தேன். குரலே வராத தொண்டையால் சண்டை போட முடியாது, ஆனால் உட்கார முடியும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு கொடுத்தார்கள். குரல்வளையும் கழுத்து நெறியும் மின்னியிருந்தன, அது தெரிந்ததுதான். ஈரலிலும் எலும்பிலும் ஒன்றுமில்லை. வலது நுரையீரலின் உச்சியும், மார்புக்கு நடுவே மூச்சுக்குழாயை ஒட்டிய நெறிகளும் மின்னின. புற்று பரவியிருக்கச் சாத்தியம் என்று எழுதியிருந்தார்கள். நீ என்னிடமிருந்து மறைத்த வரி அது. வலது உச்சி என்று படித்ததும் நான் அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தை எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து தெரியும்.

அங்கிருந்து நேராக சர்ஜனிடம் போனேன். "டாக்டர், எனக்கு டிபி வந்திருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றேன். நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை முன்னாடியே ஏன் சொல்லல தீதி? பெட்டுக்குப் புற்று, டிபி வித்தியாசமெல்லாம் தெரியாது. சர்க்கரையை யார் தின்னாலும் மின்னும். அந்த வரியை வச்சுத்தான் நான் கத்தியைக் கீழே வச்சேன்" என்றார். உடனே, "அதுக்காக இது புற்று இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டும் இருக்கலாம். இனிமே படம் பேசாது, ஊசிதான் பேசணும்" என்றார். மூச்சுக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, அதன் நுனியிலேயே இருக்கும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி அந்த நெறிகளிலிருந்து உறிஞ்சி எடுத்தார்கள். நீ பழைய மிஷின் என்ற அதே அல்ட்ராசவுண்ட். புற்று செல் ஒன்றுகூட இல்லை. டிபி மறுபடி தலைதூக்கியிருக்கிறது. மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது, ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறம், வேறொரு தொல்லையும் இல்லை. பரவாத புற்று என்பதால் டாக்டர் கத்தியை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்.

போனில் இதை உன்னிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சியாம்மா?" என்றாய். மறைத்தேன். அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, கேட்டுக்கொள்கிறேன். சங்கத்து மலரில் போடச் சொன்னது அதனால்தான். இனிமேல் யாருக்கும் இது ரகசியமில்லை. படித்துவிட்டு நம் வீட்டில் காபி குடிக்க யோசிக்கிறவர்கள் யோசிக்கட்டும், பால் மிச்சம். இதே சங்கத்தில் மகளுக்கு டிபி வந்ததைப் பின்னறையில் ஒளித்து வைத்திருக்கிற அம்மா ஒருத்தி இருப்பாள். அவளுக்காகவும்தான்.

இப்போது நீ கதிர்வீச்சு கொடுத்துக் குரலைக் காப்பாற்றலாமே என்கிறாய். குருத்தெலும்பு அரிக்கப்படாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எம்ஆர்ஐ காட்டியதை டாக்டர் என் முன்னால் வைத்தே விளக்கினார். வெறும் கதிர்வீச்சை நம்பினால் குரல்வளை பெயருக்கு இருக்கும், முழுங்கினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், புற்றும் திரும்பி வரலாம். எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது. கழுத்தில் துளை இருக்கும், அதன் வழியாக மூச்சு விடுவேன். "அம்மா, உன் குரல் இல்லாம நான் எப்படிம்மா?" என்று அழுதாய். எனக்கும் அழுகை வருகிறது, கல் இல்லை நான். காளிகாட் மார்க்கெட்டில் மீன்காரனையே வாயடைக்க வைத்த குரல் இது. ஆனால் குரலைக் காப்பாற்றி ஆளை விடுவதா, ஆளைக் காப்பாற்றிக் குரலை விடுவதா என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். சொல்லிவிட்டேன். படித்த பிள்ளை, சம்பாதிக்கிற பிள்ளை, பாசமான பிள்ளை என்பதால் என் உடம்பின் மீது உனக்கு ஓட்டு வந்துவிடாது. உனக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாளிலும் இதையே சொல்வேன்: ரிப்போர்ட் கவரை நீயே பிரி, கேட்கிறவரிடம் உண்மையைச் சொல், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. சம்மதப் பத்திரத்தில் என் கையெழுத்தைப் போட்டாகிவிட்டது. கீழே உறவினர் என்ற இடத்தில் நீ போட வேண்டும், சம்மதம் கொடுக்க அல்ல, சாட்சிக்கு. புதன்கிழமை மயக்கம் தெளிந்து நான் கண் விழிப்பேன். டாக்டர் வந்து, "எப்படி இருக்கு தீதி?" என்று கேட்பார். என்னால் சத்தம் எழுப்ப முடியாது. நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடு. முதல் எழுத்துக்கே நேரமாகும். பழக்கத்தில் அவர் உன் பக்கம் திரும்புவார். உனக்குப் பதில் தெரிந்திருக்கும், அது சரியாகவும் இருக்கும். சொல்லாதே. நான் எழுதி முடிக்கிறவரை பேசாமல் நில்.

அம்மா